அக்கா எழுத வேண்டாம் என்ற வரி

எங்கள் கொல்லிமலையில் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்துபோவது பெரிய குற்றம் இல்லை. கீழ்நாட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், அதனால் நான் சொல்வதில்லை. சேர்ந்து இருக்க முடியவில்லை என்றால் ஊர்க்கூட்டம் கூடும். இரண்டு பக்கமும் பேசுவார்கள். பேசித் தீர்ந்ததும் ஊர்க்கவுண்டர் ஒரு துரும்பை எடுத்துக் கொடுப்பார். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கிள்ளிக் கீழே போடுவார்கள். வந்திருக்கிற எல்லாரும் அதன்மேல் ஒரு கைப்பிடி மண் போட வேண்டும். அத்தோடு பேச்சு முடிந்தது. யார் யாரை அடித்தார்கள், யார் எதற்காக வெளியேறினார்கள் என்பதை அதற்குப் பிறகு மலைக்குள் யாரும் எடுக்கக் கூடாது. குழாயடிச் சண்டையில்கூட எடுக்கக் கூடாது. எடுத்தால் மறுபடியும் கூட்டம், தண்டம், தலைகுனிவு. பிள்ளை இருந்தால் அப்பன் வீட்டில் வளரும், அம்மா வீட்டுக்கு வந்துபோகும். அந்தப் பிள்ளையின் காதில் எதுவும் விழக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்று எனக்குத் தோன்றும்.

என் அக்காவுக்கும் அப்படித்தான் தீர்த்தார்கள். அவளை மலையின் இன்னொரு பகுதியான குண்டனி நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அந்த மனிதர் குடித்தால் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். இதை எழுதும்போதே என் கை தயங்குகிறது, ஏனென்றால் அன்றைக்கு அந்தத் துரும்பின்மேல் மண் போட்டவர்களில் நானும் ஒருவன். எனக்கு அப்போது பத்து வயது. அக்காவின் பெண் குழந்தைக்கு மூன்று வயது. குழந்தை அப்பனோடு போனது. அக்கா எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தாள். வாசலூர்பட்டியிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். இரண்டு வருஷம் கழித்து இதே ஊரில் குச்சிக்கிழங்கும் மிளகும் போட்டுக்கொண்டிருந்த ஒருவரோடு வாழப் போனாள். சின்ன மச்சான் என்று நான் கூப்பிடும் அவர் வாய் திறப்பதே அபூர்வம், கை ஓங்குவது அதைவிட அபூர்வம். அக்கா உடம்பு தேறினாள்.

குழந்தையும் வந்துபோனது. பொங்கலுக்கு வரும், ஆடிப் பதினெட்டுக்கு வரும், பலாப்பழக் காலத்தில் வந்தால் பதினைந்து நாள் தங்கிவிடும். அக்கா அதன் தலைமுடியை அவிழ்த்துப் பின்னுவாள், பின்னியதை மறுபடி அவிழ்ப்பாள். 'பின்னுனது போதும், சோத்தைப் போடு' என்று சின்ன மச்சான் சொல்லும்வரை இது நடக்கும். அம்மா ஏன் அங்கே இல்லாமல் இங்கே இருக்கிறாள் என்று அந்தப் பெண் ஒரு தடவையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயமாக அது இருக்கவில்லை. மலையில் பாதிப் பிள்ளைகளுக்கு இரண்டு வீடு.

ஊர்க்கூட்டத்தின் அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. 'மலைக்குள்' பேசக் கூடாது என்றுதான் விதி. மலைக்கு வெளியே பேசுவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. வெளியே யாரிடம் போய் எதைப் பேசப் போகிறோம் என்று விட்டுவிட்டார்கள் போல. அந்த ஓட்டை வழியாக நுழைந்தவன் நான்.

1997-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். முள்ளுக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தார் அலுவலகம் போட்டிருந்தார்கள். மலைப் பெண்களின் உரிமைக்காக வேலை செய்கிறோம் என்றார்கள். மலைப்பேச்சும் தெரிந்து, தமிழும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒரு ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. களப்பணியாளர் என்று அடையாள அட்டை கொடுத்தார்கள், கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அதை மாட்டிக்கொண்டு மலையில் இருந்து ஒற்றையடிப் பாதை வழியாக முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும்போது எனக்கு என்னமோ ஒரு நடை வந்துவிடும். இன்றைக்கு நினைத்தால் அந்த நடையை நினைத்துத்தான் அதிகம் கூசுகிறது.

ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார்கள். மனிதராகப் பிறந்த எல்லாருக்கும் உள்ள உரிமைகள் முப்பது, வரிசை எண் போட்டு. நான் அதை மனப்பாடம் செய்தேன். ஊர் ஊராகப் போய் மரத்தடியில் பெண்களை உட்கார வைத்து ஒவ்வொன்றாக விளக்குவேன். பன்னிரண்டாவது உரிமை, ஒருவருடைய வீட்டுக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் கடிதத்துக்குள்ளும் இன்னொருவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது. அதற்கு உதாரணமாக லத்தியால் கதவைத் தட்டுகிறவர்களைச் சொல்வேன். டேப் ரிக்கார்டரோடு வீட்டுக்குள் வந்து உட்காருகிறவனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அது நானாக இருந்ததால் தோன்றவில்லை.

மாசிக் கடைசியில் சென்னையிலிருந்து மேடம் வந்தார். மேடம் என்றுதான் நாங்கள் எல்லோரும் கூப்பிடுவோம். அடிபட்ட பெண்களின் குரலைப் பதிவு செய்ய வேண்டும், உங்கள் ஊரில் யாராவது பேசுவார்களா என்று என்னைக் கேட்டார். எனக்கு அக்கா நினைவுதான் வந்தது. ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களைச் சம்மதிக்க வைக்க நாலைந்து நடை நடக்க வேண்டும். அக்கா என்றால் நான் கேட்டால் மறுக்க மாட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் இவ்வளவுதான் காரணம்.

நாங்கள் போனபோது அக்கா பாயைப் போட்டு மிளகுச் சரங்களை மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். மேடம் உட்கார முறத்தைத் தள்ளி இடம் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறியது.

"அதான் துரும்பு கிள்ளியாச்சே சாமி. அதைப் போயி எதுக்குங் கிளறிக்கிட்டு?"

"இது மலைக்குள்ள யாருக்கும் போவாதுங்க்கா. நேரா மெட்ராசுக்குப் போயிரும்."

"நெசமாத்தானே? இங்கிருக்கற யாரு காதுலயும் உழுவாதில்ல?"

"உழுவாதுங்க்கா."

"அப்பச் சரி. கீழ போனாப் போவட்டும். கீழ இருக்கறவிங்களுக்கு நம்மள ஆருன்னே தெரியாது."

அக்கா விதியை மீறவில்லை. விதி எப்படிச் சொல்லியிருந்ததோ அப்படியே நடந்தாள். மலைக்கு வெளியே போகிற பேச்சுக்குத் தண்டம் கிடையாது. எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் அவளை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை, அது மட்டும் எனக்கு ஒரு சின்ன ஆறுதல், அதுவும் பெரிய ஆறுதல் இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். ஏழெட்டு வருஷம் பேசாத பேச்சு, ஒரு தடவை அவிழ்ந்ததும் நிற்கவில்லை. நடுவில் அழுதாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள். அவள் சிரித்தபோது மேடம் ஒரு புகைப்படம் எடுத்தார். அப்புறம் மேடம் கை கழுவ எழுந்து பின்பக்கம் போனார். நாடா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாப்பா வவுத்துல இருந்தப்ப ஒரு நா ரொம்ப அடிச்சுட்டாரு. அப்ப இந்தப் புள்ளயே வேண்டாம்னு பட்டுச்சு. யாருக்கும் தெரியாம பச்சைப் பப்பாளிக்காயாத் தின்னேன். ஒண்ணும் ஆவுல. அப்புறம் அது பொறந்து மூஞ்சியைப் பாத்தனா, பாத்துப்போட்டு ஒரு நாளெல்லாம் அழுதேன். இதைப் போயி வேண்டாம்னு நெனச்சமேன்னு."

பிறகு என் முழங்காலில் கை வைத்து, "இதை மட்டும் எழுதாத சாமி" என்றாள்.

"எழுத மாட்டேங்க்கா" என்றேன்.

மேடம் திரும்பி வந்ததும் ஒரு படிவத்தை எடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா கைநாட்டு வைத்தாள். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தில் கீழே ஒரு கோடு இழுப்பேன், அந்த வயதில் அது எனக்கு அழகாகப் பட்டது.

முள்ளுக்குறிச்சி அலுவலகத்தில் உட்கார்ந்து மூன்று நாள் அந்த நாடாவைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். அந்த இடம் வந்ததும் நாடாவை நிறுத்தினேன். எழுத மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் மேடம் முந்தின வாரம் மற்ற களப்பணியாளர்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், மனதைத் தொடுகிற மாதிரி எதுவும் இல்லை என்று உதட்டைப் பிதுக்கியிருந்தார். எனக்கு அது நினைவுக்கு வந்தது. மெட்ராசில் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன். நாடாவை மறுபடி ஓடவிட்டு, பப்பாளிக்காயையும் எழுதினேன், குழந்தை முகத்தைப் பார்த்து அழுததையும் எழுதினேன். எழுதாதே என்று சொன்னதை மட்டும் எழுதவில்லை.

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுதான் உண்மையான குரல்" என்றார். அடுத்த மாதம் என்னைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் என்பதை அங்கேதான் முதலில் தொட்டுப் பார்த்தேன்.

மூன்று நான்கு வருஷம் போனது. முள்ளுக்குறிச்சி அலுவலகத்துக்கே கம்ப்யூட்டரும் போன் இணைப்பும் வந்தன. ஒரு நாள் காலையில் மேடம் வந்து எங்கள் எல்லாரையும் திரைக்கு முன்னால் நிற்க வைத்தார். நிறுவனத்துக்கு இணையதளம் தயாராகிவிட்டது, மலைப் பெண்களின் குரல்கள் இனி உலகம் முழுக்கக் கேட்கும் என்றார். இணைப்பு அப்போது மிகவும் மெதுவாக இருக்கும், படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் முடி வந்தது. பிறகு நெற்றி, அதில் ஒரு வெட்டுத் தழும்பு. கண் வருவதற்கு முன்பே எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது.

பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அக்காவின் பெயர், ஊர், எங்கள் அப்பா பெயர், முதல் புருஷன் எந்த நாடு என்பது, எல்லாம். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். பப்பாளிக்காய் இருந்தது. அதை எழுத்தைப் பெரிதாக்கி நடுவில் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள். குழந்தை பிறந்ததும் முகத்தைப் பார்த்து அழுதாள் என்பது இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

"அடுத்த வரி ஒண்ணு இருந்துச்சுங்க மேடம்" என்று மெல்லச் சொன்னேன்.

"இடம் பத்தலப்பா. அதைப் போட்டா மெசேஜ் வேற மாதிரி ஆயிடும்."

பக்கத்தின் அடியில் ஒரு எண் இருந்தது. இதுவரை எத்தனை தடவை இந்தப் பக்கம் திறக்கப்பட்டிருக்கிறது என்பதை அது காட்டும் என்றார். எங்கள் கண் முன்னாலேயே மறுபடி திறந்து காட்டினார், எண் ஒன்று கூடியது. எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். மேடம் சொன்ன உலகத்தில் அமெரிக்கா இருந்தது, லண்டன் இருந்தது, சென்னைகூட இருந்தது. கொல்லிமலை அதில் இருக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை.

அக்காவின் பெண் நன்றாகப் படித்தாள். அந்த மனிதர் என் அக்காவை எப்படி வைத்திருந்தாரோ அதற்கு நேர்மாறாக மகளை வைத்திருந்தார், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ராசிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தாள். எங்கள் ஊர்களில் இருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் அவள்தான். லீவில் வரும்போது அக்கா வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் என்னென்ன செய்யலாம் என்று சொல்வாள். அக்கா வாயைப் பிளந்து கேட்பாள். "என் பாப்பாவுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

2003-இல் ஒரு நாள், சிநேகிதிகளோடு ராசிபுரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறாள். எங்க ஊரைக் காட்டறேன், வாசலூர்பட்டி ஏரியும் போட் ஹவுசும் வரும் பாருங்கடி என்று மலையின் பெயரை அடித்திருக்கிறாள். ஏரி வந்ததாம், அருவி வந்ததாம். அதற்கு அடுத்து அவள் அம்மா சிரித்துக்கொண்டு வந்தாள்.

அவள் அதைத் தாளில் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலை ஏறினாள். அம்மாவிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தாள். நான் வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தேன். நாலாக மடித்த தாளை நீட்டினாள்.

"மாமா, இதுல இங்கிலீசுல எழுதியிருக்குது. எனக்குச் சரியாப் புரியல. தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க."

தாளைப் பிரித்ததும் அக்காவின் படம் தெரிந்தது. கம்ப்யூட்டர் படிக்கிற பெண்ணுக்கு இது புரியாமலா இருக்கும் என்று அந்த நேரத்தில் எனக்கு யோசனை போகவில்லை. மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கட்டம் போட்ட இடம் வந்ததும் அதைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போனேன்.

"ஒரு வரியை உட்டுட்டீங்க மாமா" என்றாள்.

நான் தாளைத் திருப்பி நீட்டினேன், அவள் வாங்கவில்லை.

"இதை எழுதிக் கொடுத்தது ஆருங்க மாமா?"

"ஆபீஸ்ல எழுதுனாங்க கண்ணு."

"அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது. மெட்ராசுக்காரங்களுக்கு நம்ம பேச்சு தெரியாது. நடுவுல ஆருங்க மாமா இருந்தது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் தலையை ஆட்டினேனா, வாயைத் திறந்தேனா, சரியாக நினைவில்லை. "அதுக்கு அடுத்த வரி ஒண்ணு இருக்குது கண்ணு, அவிங்க எடுத்துட்டாங்க" என்று சொன்னேன். "நீ பொறந்ததும் உன் மூஞ்சியைப் பாத்து உங்கம்மா அழுதாங்க" என்றேன். ஒரு வரியை விழுங்கி ஒரு நிமிஷம்கூட ஆகாதவன் இன்னொரு வரியைச் சொன்னால் யார் நம்புவார்கள். அவள் தாளை வாங்கி மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு குண்டனி நாட்டுக்குப் போய்விட்டாள். அக்கா வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஊர்க்கூட்டம் கூடியது. மண் போட்ட பேச்சை எடுத்துவிட்டார்கள் என்று அந்த மனிதர் பிராது கொடுத்திருந்தார். தாள் ஊர்க்கவுண்டர் கையில் இருந்தது. படம் எல்லாருக்கும் கைமாறியது. ஆங்கிலம் தெரியாதவர்களும் வாங்கிப் பார்த்து, அக்காவை நிமிர்ந்து பார்த்து, தாளைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார்கள்.

பிள்ளை வேண்டாமென்று எதற்காக நினைத்தாள் என்பதை அக்கா அந்தக் கூட்டத்தில் சொல்ல முடியாது. சொன்னால் அது மறுபடி மண் போட்ட பேச்சை எடுத்ததாக ஆகும். அடித்தவர் நல்ல வேட்டி கட்டி, பொண்ணோட மனசை நோகடிச்சுட்டாங்க என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிபட்டவள் குற்றவாளியாக நின்றாள். உரிமை பேசின தாள் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏனம்மா, இந்தப் பேச்சை வெளிய சொன்னது நீதானா?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"நாந்தானுங்க சொன்னேன்."

"ஆரு கேட்டாங்க?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "மெட்ராசுக்காரம்மா கேட்டாங்கங்க. மலைக்குள்ள வராதுன்னு நெனச்சுச் சொல்லிப்போட்டேன்."

"கூட ஆரும் இருந்தாங்களா?"

"ஆரும் இல்லீங்க."

நான் எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவள் எழுத வேண்டாமென்றாள், நான்தான் எழுதினேன் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம். முப்பது உரிமையையும் எத்தனையோ ஊர்களில் உரக்கச் சொன்ன வாய்க்கு அந்த இரண்டு வாக்கியம் வரவில்லை. அக்காவுக்குத் தண்டம் விதித்தார்கள். சின்ன மச்சான் கட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். பிறகு அந்தத் தாளைக் கீழே வைத்து, பழைய வழக்கப்படி எல்லாரும் ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தபோது நானும் போட்டேன்.

"இனி இது இல்லீல்ல?" என்று ஊர்க்கவுண்டர் என்னைக் கேட்டார். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க. எடுத்துருவாங்க" என்றேன்.

எடுக்கவில்லை. மேடம் அதற்குள் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார், அவர் போன் எண் யாரிடமும் இல்லை. புதிதாக வந்த அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது தடவை பதில் வந்தது. சம்பந்தப்பட்டவர் முழுச் சம்மதம் கொடுத்திருக்கிறார் என்று சொல்லி அந்தப் படிவத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அக்காவின் கட்டைவிரல் ரேகை. பக்கத்தில் சாட்சியாக, கீழே கோடு இழுத்த என் கையெழுத்து.

சென்னைக்கு நேரிலும் போனேன். ஒரு தம்பி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தளத்தைக் கவனித்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், கடவுச்சொல் அவரிடம்தான் இருக்கிறது, தளம் எங்கேயோ வெளிநாட்டில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார். என்ன செய்யலாம் என்று கேட்டேன். பெரிதாக யாரும் பார்க்க மாட்டார்கள், கவலைப்படாதீர்கள் என்றார். அப்படிச் சொன்னவரை நான் அடிக்காமல் திரும்பி வந்தது எப்படி என்று தெரியவில்லை. அந்த வருஷமே வேலையை விட்டேன். இரண்டு வருஷத்தில் நிறுவனமும் மூட்டை கட்டிவிட்டது, முள்ளுக்குறிச்சி அலுவலகம் இருந்த இடத்தில் உரக்கடை வந்தது. நிறுவனம் போனது, மேடம் போனார், பக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

துரும்பின்மேல் மண் போடுகிற எங்கள் ஜனங்களை முன்னேற்ற வந்தவர்கள் அவர்கள். ஒரு பேச்சை முடித்து வைக்க எங்களுக்கு ஒரு வழி இருந்தது. நொண்டி வழிதான், அடித்தவனையும் சேர்த்துக் காப்பாற்றுகிற வழிதான், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர்களிடம் முடித்து வைக்க எந்த வழியும் இல்லை. முப்பது உரிமையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஒருத்தியைப் பற்றிய ஒரு விஷயம் போதும், இனி எடுத்துவிடுங்கள் என்று அவள் சொல்வதற்கான உரிமை அதில் எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்தேன். பன்னிரண்டாவதை எப்படி இழுத்துப் பார்த்தாலும் அது அந்தக் கைநாட்டுப் படிவத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

அக்காவின் பெண் பொங்கலுக்கு வரவில்லை. ஆடிக்கும் வரவில்லை. படிப்பு முடிந்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள் என்று ஊர்க்காரர்கள் வழியாகத் தெரிந்தது. பலாப்பழக் காலம் மூன்று வந்துபோனது. அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எப்போது போனாலும் சோறு போட்டாள்.

நாலாவது வருஷம் மலைமேலேயே செம்மேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இணைய இணைப்பு வந்தது. அக்கா அதை எப்படியோ கேள்விப்பட்டு, "அந்தப் படத்தை எனக்கு ஒருக்காக் காட்டு" என்றாள். சந்தைக்குப் போன ஒரு காலையில் கூட்டிப்போனேன். கடைக்காரர் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். படம் இப்போது சட்டென்று வந்தது.

"இவ்வளவு சின்னப்புள்ளயாட்டவா இருந்தேன்?" என்று அக்கா சிரித்தாள். பிறகு, "படி" என்றாள்.

இந்தத் தடவை எதையும் விடாமல் படித்தேன். கட்டம் போட்டதையும் படித்தேன்.

"அதுக்கப்புறம் மூஞ்சியைப் பாத்து அழுதேன்னு சொன்னனே?"

"எழுதினேங்க்கா. எடுத்துட்டாங்க."

"எழுதாதன்னும் சொன்னேன்."

"ஆமாங்க்கா."

கடைக்காரர் யாருக்கோ ரேஷன் கார்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தார், இயந்திரத்தின் வெளிச்சம் சுவரில் போய்வந்தது. அக்கா திரையின் அடிப்பக்கம் விரலை வைத்தாள். "இது என்ன எண்ணு?"

"எத்தனை தடவை இதைத் தொறந்து பாத்திருக்காங்கன்னு காட்டுமுங்க்கா. ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணு ஏறும்."

"கூடியிருக்குதா?"

"கூடியிருக்குதுங்க்கா."

அதில் பெரும்பகுதி நான். எடுத்துவிட்டார்களா என்று பார்க்க ராசிபுரம் போகும்போதெல்லாம், நாமக்கல் போகும்போதெல்லாம் அதைத் திறந்திருக்கிறேன். நான் பார்க்கப் பார்க்க அது ஏறியிருக்கிறது.

அக்கா அந்த எண்ணிலிருந்து விரலை எடுக்கவில்லை. "பாப்பாவும் எப்பவாச்சும் தொறந்து பாத்திருப்பாளா?" என்றாள்.

"இருக்குமுங்க்கா" என்றேன்.

"பெங்களூருல எல்லாம் கம்ப்யூட்டர்தானே. கோவமாப் பாத்தாலும் மூஞ்சி தெரியுமில்ல. அப்ப இதை எடுக்கச் சொல்லாத சாமி. ஊட்டுக்குத்தான் வரமாட்டீங்கறா. இதுலயாச்சும் பாக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் யாருக்கும் மின்னஞ்சல் எழுதவில்லை. மாதம் ஒரு தடவை அக்கா கேட்பாள், அந்த எண்ணு ஏறியிருக்குதா பாரு சாமி என்று. நான் செம்மேட்டுக்குப் போய், பக்கத்தைத் திறந்து, அது ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்து, ஏறியிருக்குதுங்க்கா என்று சொல்வேன்.